கண்ணு யாருடைய சொல்?

அக்காவுக்கு அந்தக் கடிதம் வந்தபோது நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் ஐந்து பக்கங்களின் போட்டோ. அதற்குக் கீழே ஒரே வரி: "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு. உங்க மாமாகிட்ட இன்னும் காட்டல."

வக்கீல் நோட்டீஸ். வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு குழந்தை உடை நிறுவனம் அனுப்பியிருந்தது. அக்கா தன் துணிகளுக்கு வைத்திருக்கும் பெயர், 25ஆம் வகுப்பில் தாங்கள் பதிவு செய்திருக்கும் வணிகக்குறியோடு ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கிறதாம். பதினைந்து நாளில் பெயரை நிறுத்த வேண்டும், லேபிள்களை அழிக்க வேண்டும், இதுவரை விற்ற கணக்கைக் கொடுக்க வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும். கேட்டிருந்த தொகை, அக்கா அதுவரை விற்ற மொத்தத் துணியின் விலையைவிட அதிகம்.

அக்கா வைத்திருந்த பெயர் இரண்டு சொற்களால் ஆனது. அதில் ஒன்று "கண்ணு." கொங்குப் பக்கம் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் குழந்தையையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பெண்ணையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் அம்மாச்சி சாகும்வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"ஏன்டா தம்பி, கண்ணுங்கறது அவிங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அக்கா கேட்டாள்.

அன்று அந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இருந்தது. இல்லை, மொழி எல்லாருக்கும் பொது, இது பெரிய கம்பெனிகளின் அராஜகம். அன்றிரவே ஃபேஸ்புக்கில் ஒரு நீண்ட பதிவும் எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்பதைச் சொல்ல, அந்த நோட்டீஸுக்கு எட்டு மாதம் முன்னால் போக வேண்டும்.

*

மாமாவுக்குத் திருப்பூரில் எட்டு மிஷின் போட்ட சின்ன யூனிட். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து எட்டு. பெரிய கம்பெனிகளிடம் ஜாப் வொர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஆர்டர் இல்லாத மாதங்களில் மிஷின் சும்மா நிற்கும், வாடகையும் வட்டியும் நிற்காது. பெரியவர்களின் டி-ஷர்ட் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைப் பார்த்து அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு ஜப்லா தைக்க எவ்வளவு துணி வேண்டும்? ஒரு கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. அப்படித்தான் ஆரம்பித்தது.

தைப்பது அவளுக்குப் பிரச்சினையே இல்லை. விற்பதுதான் பிரச்சினை. குழந்தைத் துணியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் பிறக்கும் முன்னால் யாரும் துணி வாங்க மாட்டார்கள், ஆகாது என்பார்கள். பிறந்ததும் முதலில் சுற்றுவது தாத்தாவின் பழைய வேட்டி. பிறகு பார்க்க வருகிற அத்தைகளும் சித்திகளும் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருவார்கள். அம்மாக்காரி தானே பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்க ஆரம்பிப்பது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதுவும் எப்போது? அக்காவுக்கு ஆர்டர் வருவது இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணிக்குள். ஒரு கையில் பால் குடிக்கும் குழந்தை, இன்னொரு கையில் போன், பாதித் தூக்கம். இதைக் கண்டுபிடித்த பிறகு அக்கா தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை இரவு பன்னிரண்டரைக்குப் போட ஆரம்பித்தாள். மார்க்கெட்டிங் படித்தவர்கள் யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

இந்தப் பாதித் தூக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

முதல் மூன்று மாதம் வெறும் வெள்ளை, இளமஞ்சள் துணியில் சின்ன இலை போட்டுத் தைத்தாள். போகவில்லை. ஒருநாள் பிரிண்டிங் பட்டறைக்காரர், "அக்கா, எங்கிட்ட ரெடியா ஸ்கிரீன் இருக்குதுங்க, போட்டுப் பாருங்க" என்றார். பெரிய காது வைத்த எலி. உலகமே அறிந்த எலி. நூற்று இருபது பீஸ் போட்டாள். நான்தான் கேட்லாக் செய்து கொடுத்தேன். எண்பது பீஸ் ஒரே வாரத்தில் போய்விட்டது.

எனக்குத் துளியும் உறுத்தவில்லை. அந்த எலி சம்பாதிக்கும் பணத்தில் எங்கள் நூற்று இருபது பீஸ் கடலில் ஒரு சொட்டுகூட இல்லை. யாருக்கும் நஷ்டமில்லாத திருட்டு எப்படித் திருட்டாகும்? திருப்பூரில் வளர்ந்தவனுக்கு இது இன்னும் சுலபமாகத் தோன்றும். காதர்பேட்டைக்குப் போனால் ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் பாதி வெட்டிய லேபிளோடு குவிந்து கிடக்கும். அந்த லேபிள் போட்ட சட்டையைத் தைத்தது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் தைத்ததை அவர் ஊரில் அந்தப் பெயரோடு விற்கக் கூடாது என்றால் என்ன நியாயம் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே நாங்கள் கேட்டிருக்கிறோம்.

பிறகு ஒரு இரவு, ஒன்றே முக்காலுக்கு, ஒரு பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. ஏற்கெனவே இரண்டு எலி ஜப்லா வாங்கியவர். "அக்கா, இது கம்பெனி சரக்குதானே? பாப்பா அந்தப் படத்தை வாயில வச்சுச் சப்புறா. ஒண்ணும் ஆகாதுல்ல?"

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அக்காவால் பதில் எழுத முடியவில்லை. காலையில் பட்டறைக்குப் போய் என்ன மை போட்டீர்கள் என்று கேட்டாள். பிளாஸ்டிசாலா, வாட்டர் பேஸ்டா? சாதாரண பிளாஸ்டிசால் என்றால் அதில் பி.வி.சி. இருக்கும், அதை இளக்குவதற்குச் சேர்க்கும் தாலேட்டுகளும் இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருட்களில் அவற்றுக்குப் பல நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. பட்டறைக்காரருக்கு டப்பாவின் நிறம்தான் தெரிந்திருந்தது. "எல்லாரும் போடறதுதானுங்க்கா."

அந்தப் பெண் ஏமாளி இல்லை. அவர் கணக்கு மிகச் சரியானது. எலி இருக்கிறது, எனவே பெரிய கம்பெனி, எனவே யாரோ மையைச் சோதித்திருப்பார்கள். அந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே பொய். அந்தப் பொய்யைச் செய்தது நாங்கள். எலியின் சொந்தக்காரருக்கு எங்களால் ஒரு பைசா நஷ்டமில்லை என்ற என் வாதம் அப்போதும் உண்மைதான், ஆனால் அது தவறான ஆளைப் பற்றிய வாதம். நாங்கள் எடுத்தது நிறுவனத்தின் பணத்தை அல்ல. தூக்கம் கெட்ட ஒருத்தி, யாரோ ஒருவர் மேல் வைத்திருந்த நம்பிக்கையை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டோம்.

மீதி நாற்பது பீஸில் படம் இருந்த நெஞ்சுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மற்றதை மிஷின் துடைக்க வைத்துக்கொண்டாள் அக்கா. விற்ற எண்பதில் யார் யார் எண் இருந்ததோ அவர்களுக்கெல்லாம் எழுதினாள். பணம் திரும்பக் கேட்டவர்கள் பதினொரு பேர். கேட்காதவர்களை நினைத்துத்தான் அவளுக்கு வருத்தம்.

*

வணிகக்குறிச் சட்டம் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1999இல் இயற்றி 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டம். இலக்கியம் படிக்கிறவர்களுக்குச் சிபாரிசு செய்வேன், வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு சொல் எப்போது ஒருவருடையதாகிறது, எப்போது எல்லாருடையதாகவும் இருக்கிறது என்பதைப் பற்றி அந்தத் தீர்ப்புகள் யோசிக்கிற அளவுக்கு நம் கவிதை விமர்சனங்கள் யோசிப்பதில்லை.

1962இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அம்ரித்தாரா என்று ஒரு மருந்து, லக்ஷ்மண்தாரா என்று இன்னொரு மருந்து. இரண்டு பெயரும் குழப்புமா? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பாது. ஆனால் யாரும் அப்படி வைத்துப் பார்த்து வாங்குவதில்லை என்றது நீதிமன்றம். சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு மனிதனைக் கற்பனை செய்து, அவன் குழம்புவானா என்று கேட்டது. சட்டப் புத்தகத்தில் நான் சந்தித்த மிகவும் மனிதத்தனமான மனிதன் அவன். பொருளாதாரப் புத்தகங்களில் வருகிறவன் எல்லாவற்றையும் கணக்கிட்டு வாங்குவான், இவன் அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கிறான், அவசரத்தில் இருக்கிறான். இரவு ஒன்றே முக்காலுக்கு ஒரு கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறான். அல்லது உட்கார்ந்திருக்கிறாள்.

அவளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டத்தின் நியாயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் இச்சட்டத்தின் கீழ் வழக்குப் போடும் உரிமை பெயரின் சொந்தக்காரரிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை. அவள் குழம்புவாள் என்று சொல்லித்தான் வழக்கு நடக்கும், நஷ்டஈடு அவளுக்குப் போகாது. காவல்காரனுக்கே வீட்டை எழுதிக்கொடுத்தது மாதிரி. கொஞ்ச நாளில் காவல்காரன், யாருக்காகக் காவல் என்பதை மறந்து, தன் வீடு என்றே பேச ஆரம்பித்துவிடுகிறான்.

பதிப்புரிமையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அந்த எலி முதலில் திரைக்கு வந்த 1928ஆம் ஆண்டுப் படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. ஆனால் வணிகக்குறிக்கு அப்படி முடிவு கிடையாது. நம் ஊரில் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், நூறு வருடம், இருநூறு வருடம். படைப்புக்கு ஆயுள் உண்டு, பெயருக்கு இல்லை. முதலில் இது அநியாயமாகப் பட்டது. பிறகு யோசித்தால், படைப்பு தீர்ந்துபோகாத பொருள், ஒருநாள் எல்லாருக்கும் போய்ச் சேரத்தான் வேண்டும். பெயர் ஒரு வாக்கு. வாக்கு கொடுத்தவர் இருக்கும்வரை அதற்குக் காலாவதி எப்படி வரும்?

என் தொழிலில் இது பழைய கதை. நான் தினமும் வேலை செய்வது லினக்ஸில். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் லினக்ஸ் என்ற பெயர் லினஸ் டோர்வால்ட்ஸின் வணிகக்குறி. ஃபயர்ஃபாக்ஸ் நிரலும் சுதந்திர மென்பொருள்தான். டெபியன் குழுவினர் அதைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தபோது, மாற்றியதற்கு எங்கள் பெயரை வைக்காதீர்கள் என்றது மொசில்லா. 2006இலிருந்து பத்து வருடம் டெபியனில் அந்த உலாவியின் பெயர் ஐஸ்வீசல். நெருப்பு நரி பனிக்கீரி ஆனது. கல்லூரி நாட்களில் எங்களுக்கெல்லாம் அது பெரிய தமாஷ். எல்லாவற்றையும் வாரிக் கொடுத்த மனிதர்கள்கூடப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள், அதை நான் ஒருபோதும் அராஜகம் என்று நினைத்ததில்லை. நீ செய்த தப்புக்கு என் பெயர் பொறுப்பேற்கக் கூடாது, அவ்வளவுதானே.

ஐஸ்வீசலுக்குத் தலையாட்டியவன் "கண்ணு"வுக்கு மட்டும் ஏன் கொதித்தேன்? ஃபேஸ்புக் பதிவை அழித்தது இந்த இடத்தில்தான்.

*

ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ் என்று அதற்கு முன்னால் எந்த அம்மாச்சியும் யாரையும் கொஞ்சியதில்லை.

சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். பொருளை வெறுமனே விவரிக்கும் சொல்லைப் பொதுவாகப் பதிய முடியாது. "மென்மையான பருத்தி" என்று ஒருவர் சொந்தம் கொண்டாடிவிட்டால் மற்றவர்கள் தங்கள் துணியைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால் சட்டத்துக்குப் பிடித்தமானது அர்த்தமே இல்லாத சொல். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் பதிந்த கோடாக் மாதிரி. எங்கிருந்தும் எடுக்கவில்லை, எனவே யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. ஆனால் கோடாக் என்று ஜப்லாவுக்குப் பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்? குழந்தைத் துணி விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே குட்டையில்தான் தூண்டில் போடுகிறார்கள். கண்ணு, செல்லம், தங்கம், குட்டி, பாப்பா, பட்டு. இருபது சொல் இருக்கும். அந்தக் குட்டையை வெட்டியது யார்? எந்தக் கம்பெனியும் இல்லை. ஆயிரம் வருடமாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த பெண்கள்.

நீதிமன்றங்கள் சில நேரம் இதைப் பார்த்திருக்கின்றன. "ராமாயண்" என்று ஊதுபத்திக்குப் பெயர் பதியக் கேட்டவருக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. கர்நாடகப் பால் கூட்டமைப்புக்கு 1985இலிருந்து நந்தினி என்ற பெயர். பெங்களூரில் ஒரு உணவகம் 1989இலிருந்து நந்தினி டீலக்ஸ். 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் நின்றது. நந்தினி புராணத்துப் பசுவின் பெயர், யாரும் புதிதாய்க் கண்டுபிடித்த சொல் அல்ல. ஆனால் பாலும் பால் பொருளும் மட்டும் உணவகத்தின் பதிவில் வரக் கூடாது. இந்த மாதிரிப் பிரிவினையில் ஒரு கிராமத்துப் பஞ்சாயத்தின் அழகு இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. அமெரிக்காவில் கைக்குழந்தைகளின் ஒற்றை உடுப்பை ஊரே "ஒன்சி" என்று சொல்கிறது, ஆனால் "ஒன்சீஸ்" கெர்பர் சில்ட்ரன்ஸ்வேரின் பதிவுபெற்ற வணிகக்குறி. வீட்டில் தைத்து இணையத்தில் விற்கிற அம்மாக்கள் "பாடிசூட்" என்று எழுதப் பழகிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் செய்தது. பனியன் என்ற சொல் குஜராத்தி வணிகர்களின் பெயரிலிருந்து போர்த்துகீசியர், ஆங்கிலேயர் வாய் வழியாகப் போய், தளர்வான மேலுடையாகி, உள்ளாடையாகி, கடைசியில் திருப்பூருக்கு வந்து சேர்ந்தது. போகிற வழியில் ஆலமரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் கொடுத்துவிட்டு வந்தது. நடுவில் யாராவது 25ஆம் வகுப்பில் பதிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதையெல்லாம் நாங்கள் பார்த்த வக்கீலிடம் சொன்னேன். ஈரோட்டுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "நல்ல பாயிண்டுங்க. ஜெயிச்சும்போடலாம். ஆனா முடியறதுக்குள்ள உங்கக்கா பேரனுக்குத் துணி தெச்சுட்டு இருப்பாங்க."

அக்காவின் மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

பெயரை விட்டுவிட்டோம். வக்கீல் பேசியதில் நஷ்டஈட்டுக் கோரிக்கை கைவிடப்பட்டது. லேபிள் கட்டைப் பிரித்தபோது வக்கீல் இன்னொன்றையும் காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவதே சட்டப்படி தண்டனைக்குரியது. பதியும்வரை டி.எம். என்றுதான் போடலாம். அக்கா கேட்டு வாங்கியதில்லை அது. லேபிள் அடிக்கிறவர், "எல்லா லேபிளிலயும் இருக்குமுங்க, இல்லீனா மொட்டையாத் தெரியும்" என்று தானாகவே சேர்த்தது.

*

இரண்டாவது பெயரை நான்தான் தேடினேன். இந்தத் தடவை சூடு கண்ட பூனை. அறிவுசார் சொத்து அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், ஒலிப்பு ஒற்றுமைக்கும் தேடலாம். அது போதாதென்று நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். 1918இல் காப்புரிமை பெற்ற சௌண்டெக்ஸ் என்ற பழைய முறை: முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளைத் தூக்கிவிடும். அதில் போட்டால் கண்ணு, கனி, குணா, கோணை எல்லாம் ஒரே குறியீடு. தமிழ்க் காதுக்கு இவை நான்கும் நான்கு உலகம். ஆங்கில எழுத்தில் எழுதிய உடனே நம் சொற்கள் எவ்வளவு வேகமாக ஒன்றுபோலாகிவிடுகின்றன என்பதை அன்றுதான் கவனித்தேன்.

கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. குழந்தையைக் கூப்பிடும் செல்லப் பெயர், இரண்டு எழுத்து திரும்ப வரும். பதிவேட்டில் இல்லை. அக்காவுக்கும் பிடித்தது. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய். படிவத்தைப் பாதி நிரப்பிய பிறகு, சும்மா இன்ஸ்டாகிராமில் அடித்துப் பார்த்தேன்.

இருந்தது. தெற்கே ஒரு சின்ன ஊர். நானூற்றுச் சொச்சம் பேர் பின்தொடர்கிறார்கள். மல்மல் துணியில் கையால் தைத்த சட்டைகள், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்கள். முதல் பதிவு இரண்டரை வருடம் முன்னால். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அக்காவிடம் சொன்னேன். சொன்ன கையோடு, "ஆனா ரிஜிஸ்டர் பண்ணல. நாம ஃபைல் பண்ணிடலாம்" என்றேன்.

"அந்தப் புள்ள ரெண்டு வருசமா வெச்சிருக்குதுன்னு சொன்னியே."

சட்டம் அந்தப் பெண் பக்கம்தான், எனக்குத் தெரியும். பிரிவு 34: முன்னாலிருந்தே பயன்படுத்துகிறவரைப் பின்னால் பதிந்தவர் தடுக்க முடியாது. பதியாத பெயருக்கும் நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. பெயர் முதலில் இங்கே யாருடைய மனதில் பதிந்தது என்பதுதான் கேள்வி. ப்ரியஸ் என்ற பெயருக்காக 2017இல் டொயோட்டாவே டெல்லி உதிரிபாக நிறுவனம் ஒன்றிடம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இப்படித்தான். ஆனால் டொயோட்டாவோடு மோதிய நிறுவனத்துக்கு வக்கீல் இருந்தார். ஜன்னல் வெளிச்சப் பெண்ணுக்கு? விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வாராவாரம் வரும் வணிகக்குறி ஜர்னலில் வெளியாகும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நான்கு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஜர்னல் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. நான்கு மாதம் கழித்து அந்தப் பெயர் பதிவேட்டில் எங்களுடையது. எல்லாம் சட்டப்படி. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, தேடிப் பார்த்ததைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு அது நல்ல திட்டமாகவே பட்டது. மறுபடி ஆயிரம் லேபிள், மறுபடி புதுப் பக்கம், மறுபடி பூஜ்யத்திலிருந்து என்ற அலுப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதுதான் விதி, நம்மை இதே விதியை வைத்துத்தான் அடித்தார்கள் என்ற கோபம். அடி வாங்கியவனுக்கு அடிக்கிற உரிமை வந்துவிடுகிறது என்று நாம் எப்படி நம்ப ஆரம்பிக்கிறோம் என்று தெரியவில்லை, ஆனால் அந்த நம்பிக்கை மிக இயல்பாக வருகிறது.

"ரெண்டு பேருமே வெச்சுக்க முடியாதா?" என்று அக்கா கேட்டாள். "எங்க மாமனார் பேரு நம்ம சொந்தத்துல நாலு பேருக்கு இருக்குது. ஒருத்தனையும் யாரும் மாத்திக் கூப்புடல."

பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். எங்கள் குடும்பங்களில் பெயர் சுற்றிக்கொண்டே இருக்கும். குழப்பம் வந்தால் பெரியவன், சின்னவன், தோட்டத்துக்காரன் என்று ஒரு அடை சேர்த்துக்கொள்வோம். சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. அந்த அம்ரித்தாரா வழக்கு முடிந்தது எப்படித் தெரியுமா? பெயர்கள் ஒத்திருக்கின்றன என்று சொன்ன அதே நீதிமன்றம், லக்ஷ்மண்தாராக்காரர் பல வருடம் நேர்மையாக விற்று வந்திருக்கிறார் என்பதால் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று பதிவை அனுமதித்தது. நேர்மையாக ஒரே காலத்தில் பயன்படுத்துவது என்று இன்றைய சட்டத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது.

ஆனால் இன்ஸ்டாகிராமில் உத்தரப் பிரதேசம் இல்லை. இரவு ஒன்றே முக்காலுக்குத் தேடுகிறவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் தெரியும். அவர் கையால் தைக்கிறார், அக்கா மிஷினில். அவர் தையல் பிரிந்தால் பழி அக்காவுக்கு, அக்காவின் துணி சாயம் போனால் பழி அவருக்கு. நான் இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. எலி ஜப்லா ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சரி, நம்பர் இருந்தாக் குடு."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். தான் யார், எந்த ஊர், இந்தப் பெயரை வைக்கலாம் என்று இருந்தோம், உங்கள் பக்கத்தைப் பார்த்தோம் என்று விவரமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அது எம் மக பேருக்கா. வீட்ல கூப்பிடுற பேரு." பிறகு, "நான் நிறுத்தணுமாக்கா? நோட்டீஸ் ஏதும் அனுப்புவீங்களா?"

நாங்கள் எதையும் கேட்கவில்லை. ஒரு போன் செய்தோம், அவ்வளவுதான். திருப்பூர், கம்பெனி, பதிவு என்ற சொற்கள் காதில் விழுந்ததும் அவருக்கு அது ஐந்து பக்கக் கடிதமாகவே கேட்டிருக்கிறது.

"இல்ல கண்ணு," என்றாள் அக்கா. "நீ எதுக்கு நிறுத்தோணும். நாங்க வேற பாத்துக்கறோம். நீ மொதல்ல அதப் பதிஞ்சு வெய்யி. எந் தம்பி எல்லாம் சொல்லிக் குடுப்பான்."

அவர் பதியவில்லை. நான் மூன்று தடவை மெசேஜ் செய்தேன். 4,500 ரூபாய் அவருக்கு எத்தனை சட்டை என்று கணக்குப் போட்டால் எனக்கே வற்புறுத்தக் கூச்சமாக இருக்கிறது. அக்கா பணம் கட்டுவதாகச் சொன்னதற்கு, "எம் மக பேரு எங்கக்கா போயிரப் போகுது" என்று சிரித்திருக்கிறார். சிரிக்கிற விஷயமா இது என்று எனக்கு எரிச்சல். என்னைப் போல ஒருவன் எங்கோ பாதிப் படிவத்தோடு உட்கார்ந்திருப்பான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அக்காவின் துணிகளில் இப்போதைக்குப் பெயர் இல்லை. லேபிளில் சைஸும் நூறு சதவீதம் பருத்தி என்பதும் மட்டும். மையை வாட்டர் பேஸ்டுக்கு மாற்றிவிட்டாள், எந்த டப்பா என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். பழைய வாடிக்கைக்காரர்கள் "இலை போட்ட துணி அக்கா" என்று சொல்லி அனுப்புகிறார்கள், அதையே வைத்துவிடலாமா என்று யோசிக்கிறாள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

வாராவாரம் ஜர்னல் வந்ததும் என் நிரல் ஓடுகிறது. அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் 25ஆம் வகுப்பில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. இதுவரை வரவில்லை.